யாரும் எடுக்காத குப்பி

எங்கட கம்பஸில் எல்லாத்துக்கும் குப்பி இருக்கிறது. புள்ளிவிபரவியலுக்குக் குப்பி, ஆங்கிலத்துக்குக் குப்பி, அளவையியல் தலையில் ஏறாதவர்களுக்குப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு பன்னிரண்டு மணிக்குக் குப்பி. விளங்கினவர் விளங்காதவருக்குக் காசு வாங்காமல் சொல்லிக் குடுக்கிற இந்தப் பழக்கம்தான் இலங்கைப் பல்கலைக்கழகங்களிலிருக்கும் மிக நல்ல பழக்கம் என்று நாங்கள் நம்புகிறோம். விரிவுரை மண்டபத்தில் கேட்க வெட்கப்படுகிற கேள்வியைக் குப்பியில் கேட்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருத்தரும் குப்பி எடுக்காத ஒரு பாடம் இருக்கிறது. அது எங்கட உடம்பு.

இதை எழுதுகிறவர்கள் ஐந்து பேர். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பேர், மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, ஹற்றன் என்று மிச்சப்பேர். எல்லாரும் கலைப்பீடம். எங்களில் ஒருவருக்கும் மருத்துவம் தெரியாது. தெரியாதவர்கள் ஏன் இதைக் கதைக்க வந்தோம் என்றால், போன வருடம் பெண்கள் விடுதியில் நடந்த ஒரு விசயம் காரணம்.

முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தி நாலு நாளாகச் சோறு சாப்பிடவில்லை. அன்னாசியும் பப்பாசிக்காயும் மட்டும். வாய் புண்ணாகி இரத்தம் கசியிற அளவுக்கு அன்னாசி. பீரியட்ஸ் 13 நாள் பிந்திவிட்டது. முதலில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. "விடுதிக்குப் பின்னால இருக்கிற கிணறு எவ்வளவு ஆழம் அக்கா?" என்று ஒரு தரம் சும்மா கேட்கிறமாதிரிக் கேட்டாள். அப்பதான் எங்களுக்குக் கைகால் நடுங்கத் தொடங்கியது. இருத்தி வைத்துக் கதைத்தோம். விடிய இரண்டு மணிக்கு விசயம் வெளியே வந்தது. காதலனோடு கடற்கரைக்குப் போயிருக்கிறாள். அவன் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் குடுத்திருக்கிறான். இரண்டு பேரும் உடுப்போடுதான் இருந்தார்கள். அவ்வளவுதான். அதால் பிள்ளை வந்துவிட்டது என்று இந்தப் பிள்ளை கிணற்றின் ஆழம் விசாரிக்கிறாள்.

அடுத்தநாள் எங்களில் ஒருத்தி ரவுனுக்குப் போய் கர்ப்பப் பரிசோதனைப் பட்டி வாங்கினாள். பார்மசிக்காரர் அதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே "கலியாணம் முடிச்சாச்சோ?" என்று கேட்டார். மற்ற மருந்துகளுக்கு அவர் இப்படி ஒன்றும் கேட்பதில்லை. பட்டியில் ஒரு கோடுதான் வந்தது. இரண்டு நாள் கழித்துப் பீரியட்ஸும் வந்தது. அந்தக் கிழமைகளில் அவளுக்கு மூன்று பரீட்சை. நித்திரை இல்லை, ஒழுங்கான சாப்பாடு இல்லை. மனஅழுத்தத்தால் மாதவிடாய் பிந்தும் என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. உடுப்போடு முத்தமிட்டால் கருத்தரிக்க வழியே இல்லை என்றும் சொல்லவில்லை. அன்னாசியும் பப்பாசியும் தின்று கருவைக் கலைக்க முடியாது என்பதையும் சொல்லவில்லை.

இவள் உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்தவள். பத்தாம் பதினோராம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தில் இனப்பெருக்கம் படித்தவள். படித்தவள் என்று சும்மா சொல்கிறோம். அந்த அலகு வந்தபோது ரீச்சர் "இதை வீட்டை போய் வாசியுங்கோ" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எங்கள் ஐந்து பேருக்கும், ஐந்து வேறு பள்ளிக்கூடங்களில், அச்சொட்டாக இதே வசனம்தான் சொல்லப்பட்டது. சாமத்தியவீடு மட்டும் அவளுக்குப் பெரிதாகச் செய்தார்கள். ஹோல் எடுத்து, பல்லக்கு வைத்து, வீடியோக்காரனைப் பிடித்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு. ஊருக்கே அறிவித்த அந்த விசயம் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒருத்தரும் விளங்கப்படுத்தவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் ஒரு கொப்பி போட்டோம். உடம்பு பற்றி, உறவு பற்றி நாங்கள் கேள்விப்பட்டு வளர்ந்ததையெல்லாம் வெட்கத்தை விட்டு எழுதினோம். விடுதியில் மற்றவர்களிடமும் கேட்டோம். தமிழ், முஸ்லிம், சிங்களம், மலையகம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒவ்வொருத்தரும் தொடங்கும்போது "எங்கட ஆக்கள் இப்படித்தான் நம்புறவை" என்றுதான் தொடங்கினார்கள். கொப்பி முடியும்போது "எங்கட" என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

ஆண்கள் விடுதிக் கதையை எடுங்கள். ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமம். சுயஇன்பம் செய்தால் முதுகெலும்பு தேயும், ஞாபகசக்தி போகும், கலியாணத்துக்குப் பிறகு ஒன்றும் நடக்காது. இது சித்தர் சொன்னது என்றான் யாழ்ப்பாணத்துப் பெடியன். ஆயுர்வேதம் என்றான் குருநாகல் பெடியன். எங்கட பாட்டா சொன்னது என்றான் மூன்றாமவன். எங்கட பட்ச்காரன் ஒருவன் மின்கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்துக்கு ஃபோன் எடுத்து, இரண்டு மாத மகாபொலக் காசைக் குடுத்து லேகியம் வாங்கினான். அதை அரிசி ரின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தான். களைப்பு, தலையிடி, படிப்பில் கவனமில்லை என்று அவன் சொன்னது பொய்யில்லை, எல்லாம் உண்மையாகவே இருந்தது. ஆனால் அதெல்லாம் பயத்தால் வந்த களைப்பு. இதற்கு ஒரு பெயரே உண்டு: இந்திய உளமருத்துவர் என். என். விக் 1960இல் இதைத் தாத் நோய்க்குறி என்று பெயரிட்டு எழுதினார். சிங்களச் சமூகத்தில் இதே பயம் எப்படி வேலைசெய்கிறது என்று எங்கட நாட்டு மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர எழுதியிருக்கிறார். சீனத்திலும் இதன் உறவுக்காரன் ஒன்று உண்டு. அங்கே அதைச் சிறுநீரகம் பலவீனப்பட்ட நோய் என்பார்கள்.

சரி, ஆசியர்கள் இப்படித்தான் என்று நினைக்காதேங்கோ. சாமுவேல் தீசோ என்று சுவிற்சர்லாந்து வைத்தியர் ஒருவர் 18ஆம் நூற்றாண்டில் சுயஇன்பத்துக்கு எதிராக ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பா முழுக்க மொழிபெயர்க்கப்பட்டு, நூறு வருடத்துக்கு மேலாக வைத்தியர்களையும் வாத்திமாரையும் ஆட்டிப்படைத்த புத்தகம். அதில் அவர் சொன்ன கணக்கு என்ன தெரியுமா? ஒரு அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் இரத்தம் போவதைவிட உடம்பைக் கெடுக்கும். நாற்பது! சித்தரும் பாட்டாவும் சுவிற்சர்லாந்து வைத்தியரும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள். அந்தச் சித்தரைத் தேடிப்பார்த்த அளவில் எங்களுக்கு ஒருத்தரும் பாட்டைக் காட்டவில்லை. லேகியக் கடைக்காரரின் நோட்டீஸைத்தான் காட்டினார்கள். உண்மை சின்னது: விந்து உடம்பு தொடர்ந்து உண்டாக்குகிற ஒன்று, சேமிப்பு வங்கியில் கிடக்கிற காசு இல்லை. சுயஇன்பத்தால் முதுகெலும்பும் தேயாது, மூளையும் கரையாது.

பெடியளின் பொய் பெரும்பாலும் பெடியளின் காசைத்தான் தின்னும். பெட்டையளின் உடம்பு பற்றிய பொய் உயிரைத் தின்னும். கன்னிச்சவ்வு பற்றிச் சொல்ல வருகிறோம்.

எங்கட அறையிலிருந்த சிங்களத் தோழி, அவளின் அக்காவின் கலியாணத்துக்கு அடுத்தநாள் வெள்ளைத் துணியை மாமியார் பார்த்த கதையைச் சொன்னாள். ஹோம்கமிங்குக்கு மணமகள் சிவப்பு உடுப்பது ஏன் என்றும் சொன்னாள். இப்ப எல்லா வீட்டிலும் அப்படியில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எங்கட ஆக்கள் "சீ, என்ன கேவலம்" என்றார்கள். கொஞ்சம் பொறுங்கோ. துணி விரிக்காத எங்கட வீடுகளில், கலியாணப் பேச்சு வரும்போது பெட்டை கொழும்பில் தனிய இருந்தவளோ, சைக்கிள் ஓட்டினவளோ, எந்த ஹொஸ்டலில் நிண்டவள் என்று விசாரிக்கிறார்களே, அது என்ன? துணிதான் இல்லை, பார்வை அதேதான். அக்கரைப்பற்றுத் தோழி இன்னொரு விசயம் சொன்னாள். மார்க்கச் சட்ட நூல்கள் மாதவிடாய் பற்றியும் குளிப்பு பற்றியும் வெட்கமில்லாமல் பக்கம் பக்கமாகக் கதைக்கின்றன; ஆனால் அந்த நூலை ஓதின வீட்டிலேயே ஒரு பெண்பிள்ளை வாய் திறந்து கேள்வி கேட்டால் அவள் கெட்டுப்போனவள்.

இந்தச் சவ்வு மூடிக் கட்டின போத்தல் மூடி இல்லை. அது யோனித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய மடிப்பு. மூடியிருந்தால் மாதவிடாய் எப்படி வெளியேறும் என்று யோசித்தாலே பாதி விளங்கிவிடும். அதன் வடிவம் ஆளுக்காள் வேறு. முதல் உறவில் சிலருக்கு இரத்தம் வரும், பலருக்கு வராது. அதைப் பார்த்து ஒருத்தி உறவு கொண்டவளா இல்லையா என்று எந்த வைத்தியராலும் சொல்ல ஏலாது. 2004இல் அமெரிக்கக் குழந்தைமருத்துவ இதழொன்றில் ஒரு ஆய்வு வந்தது. கர்ப்பமாயிருந்த 36 பதின்வயதுப் பெண்களின் பரிசோதனைப் படங்களை மருத்துவர்கள் பார்த்தார்கள். உறவு நடந்ததற்கான உறுதியான அடையாளம் 2 பேரில் மட்டும்தான் இருந்தது. மற்ற 34 பேரும் கர்ப்பிணிகள். அவர்களில் உறுதியாகச் சொல்லக்கூடிய அடையாளம் ஒன்றுமில்லை. இதற்குப் பிறகும் ஒரு துணியில் ஒருத்தியின் வாழ்க்கையை எழுதுவீர்களோ?

இதையும் வெள்ளைக்காரனை உயர்த்திப்பிடிக்கச் சொல்லவில்லை. 1979இல் லண்டன் ஹீத்ரோ விமானநிலையத்தில், கலியாணம் கட்ட வந்த இந்தியப் பெண்ணொருவரைக் குடிவரவு அதிகாரிகள் கன்னிப் பரிசோதனைக்கு உட்படுத்தியது வெளியே வந்து நாறியது. அப்படிப் பரிசோதிக்கப்பட்டது அவர் ஒருவர் மட்டுமில்லை என்பது பின்னால் தெரியவந்தது. பிரித்தானிய அரசாங்கம் எங்கட மாமியார்மாரின் வேலையைச் சீருடை போட்டுச் செய்தது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து இந்தப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படையே இல்லை, நிறுத்துங்கள் என்று சொன்னது 2018இல். இந்தியாவில் பாலியல் வன்முறைக்குள்ளான பெண்களுக்கு இரண்டு விரல் பரிசோதனை செய்பவர் தவறிழைத்தவராகக் கருதப்படுவார் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 2022இல். இவ்வளவு பிந்தி.

இங்கே ஒரு மறுப்பு வரும், எங்களுக்கும் வந்தது. "தகவல் இல்லாததுதான் பிரச்சினை, இப்ப எல்லார் கையிலும் ஃபோன் இருக்கு, தானாச் சரிவரும்." நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். மருத்துவபீடத்து நண்பர் ஒருவரோடு கதைத்த பிறகு நம்பிக்கை போய்விட்டது. மேலே நாங்கள் எழுதியது எல்லாம் அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். படம் கீறிப் பாகம் குறிப்பார். அந்தப் பாடத்தில் நல்ல புள்ளியும் எடுத்தவர். அதே ஆள், தனக்குப் பேசியிருக்கிற பெட்டையைப் பற்றி எங்களிடம் விசாரித்தபோது கேட்ட கேள்வி: "ஆள் ஃப்ரெஷ் தானே?"

தெரியாததால் இந்தப் பொய்கள் உயிரோடு இருக்கவில்லை. தேவைப்படுவதால் இருக்கின்றன. நாற்பது துளிக் கதை இல்லாவிட்டால் லேகியம் விற்காது. சவ்வுக் கதை இல்லாவிட்டால் பெட்டையளை எந்தக் காரணம் சொல்லி ஆறு மணிக்கு உள்ளே அடைப்பது? அவசரக் கருத்தடை மாத்திரை "பிள்ளையை அழிக்கும்" என்ற கதை இல்லாவிட்டால் அதை வாங்க வருகிறவளை எப்படித் தலைகுனிய வைப்பது? அந்த மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள் எடுக்கவேண்டியது. முக்கியமாக முட்டை வெளியேறுவதைப் பிற்போடும். ஏற்கெனவே தங்கிவிட்ட கருவைக் கலைக்காது. இதைச் சொல்ல இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை எங்களுக்கு யாரும் சொல்லாமலிருக்க ஒரு சமூகமே உழைக்கிறது.

ஒரேபாலீர்ப்பு "வெளிநாட்டில் இருந்து வந்த வருத்தம்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990இல். வெளிநாட்டிலிருந்து வந்தது அதைக் குற்றமாக்கின சட்டம்தான்: 1883இல் பிரித்தானியர் எழுதின தண்டனைக் கோவை. இன்றைக்கும் அதைத்தான் தமிழ்ப் பண்பாடு என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

"வேண்டாம் எண்டா வேணும் எண்டு அர்த்தம்" என்ற பொய்க்கு எங்கட சினிமாவை மட்டும் குற்றம் சொல்வது இலேசு. அமெரிக்காவில் மார்த்தா பேர்ட் 1980இலேயே பாலியல் வல்லுறவு பற்றி மக்கள் நம்பும் பொய்களை அளக்க ஒரு அளவுகோல் செய்தார். அதன் வழிவந்த அளவுகோல்களைப் பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களிடம் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்கள். உடுப்பு, குடி, இரவுநேரம், "அவளும் விரும்பித்தானே போனவள்" என்று எல்லா ஊரிலும் ஒரே சாட்டுத்தான். 2012இல் அங்கே செனற் தேர்தலில் நின்ற டொட் அக்கின் என்ற அரசியல்வாதி, உண்மையான வல்லுறவு என்றால் பெண்ணின் உடம்பு கருத்தரிப்பதைத் தானே தடுத்துவிடும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். எங்கட அன்னாசிக்கு முன்னால் அது ஒன்றும் குறைஞ்ச மூடநம்பிக்கை இல்லை. (ஆள் தேர்தலில் தோற்றார், அது வேறு கதை.)

இனி எங்கட வீட்டுக்குள் வருவோம். கம்பஸில் பாலியல் பற்றிச் சத்தமாகக் கதைக்கிற ஒரேயொரு இடம் இருக்கிறது. பகிடிவதை. முதலாம் வருடம் வந்து இரண்டாம் நாள், பெயர் தெரியாத அண்ணாமார் எங்களில் ஒருவனை நிற்கவைத்து உறுப்புகளின் பெயர்களைத் தூசணத்தில் சொல்லவைத்தார்கள். இன்னொருத்தியிடம் அக்காமாரே "முதலிரவில் என்ன நடக்கும் சொல்லு" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அழுதாள். அதற்கும் சிரித்தார்கள். பகிடிவதைக்கெதிரான சட்டம் 1998இலேயே வந்துவிட்டது, 20ஆம் இலக்கச் சட்டம். அது இருக்க, இது நடக்கிறது. நாங்கள் கேட்பது இதுதான்: இந்த விசயத்தை அவமானப்படுத்துவதற்காக மட்டும் கதைக்கலாம், விளங்கப்படுத்துவதற்காகக் கதைக்கக்கூடாது என்பது என்ன பண்பாடு? அந்த அண்ணாமாரே பிறகு எங்களிடம் "இதெல்லாம் எங்கட கலாசாரத்துக்குச் சரிவராது" என்று சொன்னார்கள்.

முற்போக்கு அண்ணாமார் வேறு மாதிரிச் சொன்னார்கள். "காணி விடயம் முடியேல்ல, காணாமல் ஆக்கப்பட்டவை பிரச்சினை முடியேல்ல, இப்ப இது தேவையோ?" நாங்களும் அந்தப் போராட்டங்களுக்குப் போகிறவர்கள்தான். அந்தப் பந்தலில் வருடக்கணக்காக இருக்கிற அம்மாமாருக்குத் தண்ணி குடுத்திருக்கிறோம். அங்கே போய்வந்த ஒரு பெட்டையை "இரவில பெடியளோட நிண்டவள்" என்று கதைகட்டி வீட்டில் அடைத்தது யார்? அடைக்கப் பயன்பட்ட பொய் எது? போராட வருகிறவளையே இந்தப் பொய் வீட்டுக்கு அனுப்பும்போது, அதைப் பிறகு பார்ப்போம் என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

மாணவர்களால் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு உதாரணம் எங்களுக்குக் கிடைத்தது. கனடாவில் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகம். 1968. அப்போது கனடாவில் கருத்தடை பற்றிய தகவலைப் பரப்புவதே குற்றம். அங்கே மாணவர் சங்கம் கருத்தடைக் கைநூல் ஒன்றை அச்சடித்து விநியோகித்தது. மாணவர்களே எழுதினது. கர்ப்பம் எப்படி உண்டாகிறது, எப்படித் தடுப்பது என்று படம்போட்டுச் சொன்னது. அடுத்த வருடம்தான் சட்டம் மாறியது. பிறகு அந்தக் கைநூல் இலட்சக்கணக்கில் வட அமெரிக்கா முழுக்கப் போனது. குப்பியைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கட நாட்டில் இந்தத் தகவலைச் சொல்வது குற்றமும் இல்லை.

நாங்கள் ஒரு குப்பி வைத்தோம். கன்டீனுக்குப் பின்னால், ஒரு சனிக்கிழமை. மருத்துவபீடத்தில் நான்காம் வருடம் படிக்கிற அக்கா ஒருவர் வந்தார். முப்பது பேர் வருவார்கள் என்று நினைத்தோம், பதினொரு பேர் வந்தார்கள். வாய் திறக்க ஒருத்தரும் இல்லை. பெயரில்லாமல் துண்டில் எழுதிப்போடச் சொன்னதும் இருபத்திமூன்று துண்டு விழுந்தது. "கருத்தடை ஊசி போட்டா பிறகு பிள்ளை பிறக்காதோ?" கொஞ்சம் பிந்தலாம், பிறக்கும் என்றார் அக்கா. "ஆம்பிளப் பிள்ளையளுக்கும் அப்படி யாராவது செய்தா அதை என்னெண்டு சொல்லுறது?" என்று ஒரு துண்டு. அதை வாசித்த பிறகு கொஞ்சநேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. அதுவும் துஷ்பிரயோகம்தான், அதையும் சொல்லலாம், நம்புவார்கள் என்று அக்கா சொன்னார். நம்புவார்களோ என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அங்கே இருந்த பதினொரு பேரும் நம்பினோம்.

புதுமுக மாணவர் அறிமுக வாரத்தில் இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கச் சொல்லி மாணவர் ஒன்றியத்துக்குக் கடிதம் குடுத்தோம். நூலகம் பயன்படுத்துவது எப்படி என்று இரண்டு மணித்தியாலம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றியத்துச் சகோதரர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "விசயம் நல்லம்தான். இந்தப் 'பாலியல்' எண்ட சொல்லை எடுத்துட்டு 'வாழ்க்கைத் திறன்' எண்டு போட்டுத் தாங்கோ, பாப்பம்" என்றார். நாங்கள் எடுக்கவில்லை. கடிதம் ஆறு கிழமையாக அவரின் லாச்சிக்குள் இருக்கிறது. அடுத்த குப்பி வாற சனிக்கிழமை, அதே இடம், பின்னேரம் நாலு மணி. துண்டும் பேனையும் நாங்கள் கொண்டுவருவோம்.